எங்க வீட்டைத் தாண்டிப் போற வண்டி

…அதான் நான் கேக்கறேன், இத்தனை பேர் சம்பளம் வாங்கறாங்களே, அதுல ஒருத்தர் கண்ணுலயாவது எங்க வீடு படக்கூடாதா? நீங்களே பாருங்க, நீங்க எப்படி வந்தீங்க? ‘இந்த வீட்டுல யாராவது இருக்கீங்களா’ன்னு கேட்டுக்கிட்டே படியேறி வரீங்க. கீழ போர்டு இருக்கு, போர்டுல கத்திரிக்கோல் படம் இருக்கு, வாசல்ல எங்க அத்தை நாற்காலி நிறைய உக்காந்திருக்காங்க. அதுக்கப்பறமும் ‘யாராவது இருக்கீங்களா’ன்னா என்னம்மா அர்த்தம்? ஆள் இல்லாத வீட்டுல ஃபேன் தானா சுத்துமா?

உக்காருங்க. அட, உக்காருங்கன்றேன்ல! இல்ல இல்ல, நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம், பாத்தாலே தெரியுது. நுனியெல்லாம் பிளந்து, வெயில்ல காஞ்சு… தலையா இது, துடைப்பமா? கோவிச்சுக்காதீங்க, உரிமையில சொல்றேன். இந்த வெள்ளைத் துணியைக் கழுத்துல சுத்திடறேன். இறுக்குதா? இல்லல்ல? அவ்வளவுதான். இனிமே நீங்க என் கையில.

அதென்ன, ஆரஞ்சு கலர் பேண்ட்டு? முழங்கால்ல பளபளன்னு பட்டை வேற. இப்ப இதான் ஃபேஷனா? நல்லாத்தான் இருக்கு, இருட்டுல தொலைய மாட்டீங்க. தலையைக் குனிங்க. இன்னும். ஆங்.

என்ன சொல்லிட்டிருந்தேன்? ஆ, அரசாங்கம்! இன்னைக்கு நாலு மணிக்கு ஒத்திகையாம். தெரியுமா உங்களுக்கு? நீங்க தெருவுக்குப் புதுசு, தெரிஞ்சிருக்காது. காட்டுத்தீ வந்தா எப்படித் தப்பிக்கிறதுன்னு ஒத்திகை. பின்னாடி மலை இருக்கில்ல, போன கோடைக்கு முந்தின கோடையில அதுக்கு அந்தப் பக்கம் பூரா எரிஞ்சு போச்சு. எங்க பக்கம் சாம்பல் மட்டும் வந்துச்சு. அதுலேர்ந்து அரசாங்கத்துக்குத் தூக்கம் போச்சு, எங்களையும் தூங்க விடறதில்ல. மூலையில ஒரு போர்டு, அதுல கடிகாரம் மாதிரி முள்ளு. பச்சையில நின்னா பயமில்ல, சிவப்புல நின்னா மூட்டையைக் கட்டு. தினமும் காலைல அந்த முள்ளை நகத்தறது யாரு? நம்ம பேக்கரிக்காரர். அவரைத் தெருப் பொறுப்பாளராப் போட்டிருக்காங்க. மஞ்சச் சட்டை, விசில், கையில ஒலிபெருக்கி. அந்தச் சட்டையைப் போட்டதுலேர்ந்து மனுஷன் நடையே மாறிப் போச்சு. பன்னு எடுத்துக் குடுக்கும்போது கூட ‘பாதுகாப்பாப் போங்க’ங்கறார். பன்னுல என்னய்யா ஆபத்து?

அப்பறம் அந்தக் கம்பம். பாத்திருப்பீங்களே, தண்ணித் தொட்டி பக்கத்துல, மேல நாலு பக்கமும் கொம்பு வச்ச மாதிரி. சைரன்! அதை நட்ட அன்னைக்கு எங்க அத்தை என்ன சொன்னாங்க தெரியுமா? ‘இதுக்கு எதுக்கு இவ்வளவு செலவு? எங்க வீட்டுல ஒண்ணு இருக்கு, கரண்டு கூட வேணாம்’னாங்க. யாரைச் சொல்றாங்க? என்னை! அன்னையிலேர்ந்து தெருவுல என் பேரே சைரன் ஆயிடுச்சு. ‘சைரன் கடை திறந்தாச்சா?’ ‘சைரன்கிட்ட முடி வெட்டினீங்களா?’ நான் என்னம்மா அப்படிப் பேசறேன்? சொல்லுங்க. நான் பாட்டுக்கு என் வேலையைப் பாத்துட்டு… தலையை ஆட்டாதீங்க! கத்திரி காதுல பட்டா அதுக்கும் நான்தான் பதில் சொல்லணும்.

குறை சொல்றேன்னு நினைக்காதீங்க. செய்யறாங்க, இல்லைங்கல. கூட்டம் போட்டாங்க பள்ளிக்கூட ஹால்ல. ஒரு அதிகாரி வந்தார், மெலிஞ்ச ஆளு, படம் போட்டுக் காட்டினார். வீட்டைச் சுத்திச் சருகு இருக்கக்கூடாது, கூரைத் தண்ணிக் குழாயில இலை அடைச்சிருக்கக் கூடாது, அவசரப் பை ஒண்ணு தயாரா இருக்கணும்… எல்லாம் கேட்டேன். முன் வரிசையில உக்காந்து கேட்டேன். நடுவுல மட்டும் கொஞ்சம், மாடி வீட்டக்கா இருக்காங்கல்ல, எதிர்வீடு, அவங்க பொண்ணு முடியை நீலமா மாத்திக்கணும்னு அடம் பிடிக்குதாம், அதைப் பத்திப் பேசிட்டிருந்தேன். நீலம் சும்மா வந்துடுமா? முதல்ல இருக்கற கலரை எடுக்கணும், அப்பறம்… பெரிய கதை. அந்த அதிகாரி மைக்குலயே சொல்றார், ‘முன் வரிசையில இருக்கற அம்மா, இது முக்கியமான விஷயம், கொஞ்சம் கவனிங்க’ன்னு. எனக்குச் சுருக்குனு ஆயிடுச்சு. அவ்வளவு பேர் முன்னாடி! எனக்குக் கோபம் வந்தா காது அடைச்சுக்கும். அதுக்கப்பறம் அவர் என்ன சொன்னார்னு யாருக்குத் தெரியும்?

என்ன விரலைத் தூக்கறீங்க? பாத்ரூமா? இல்லையா? அப்ப இருங்க, ஒரு நிமிஷம், இந்தப் பக்கம் முடிச்சிடறேன்.

கூட்டம் முடிஞ்ச கையோட ஆள் அனுப்பிட்டாங்க, பின்கட்டுச் சுத்தம் பண்ண. சுத்தமாம்! வேலியோரம் எனக்குச் செடிப்புதர் இருந்துச்சும்மா, இடுப்பு உயரம், வரிசையா. பார்லர் துண்டு பூரா அதும்மேலதான் காயப்போடுவேன். ஒரு நாளைக்கு எத்தனை துண்டு! கொடி கட்டினா பத்துமா? புதர்மேல விரிச்சுவிட்டா அரை மணியில மொறுமொறுன்னு காயும். அதைப் போய் ‘தீ பிடிக்கும் பொருள்’னு எழுதிட்டு வழிச்செடுத்துட்டாங்க. சரி, போகுது, கொடியாவது கட்டலாம்னு ரெண்டு கம்பு நட்டுக் கட்டினேன். அடுத்த நாளே வந்தாங்க பாருங்க விருந்தாளிங்க.

ஆடு!

சிரிக்காதீங்க. அரசாங்க ஆடு! நிஜமா. மலைச்சரிவுல காஞ்ச புல்லு வளந்து கிடக்கில்ல, அதை மெஷின் வச்சு வெட்டினா பொறி பறக்கும்னு ஆட்டை விட்டு மேய விடறாங்க. ஒவ்வொண்ணுக்கும் கழுத்துல நம்பர் அட்டை. மேய்க்கிற ஆளுக்கும் கழுத்துல அட்டை. ரெண்டு அட்டைக்கும் ஒரே கலர். முதல் நாள் எங்க அத்தை அந்த ஆளைப் பாத்து ‘நீங்க எந்த ஆபீஸு?’ன்னு கேட்டுட்டு, அப்பறம் ஆட்டைப் பாத்து ‘இது?’ங்கறாங்க. அந்த ஆள் முகம் மாறாம, ‘இதுவும் அதே ஆபீஸுதாம்மா’ன்னார்!

புல்லைத் தின்னுச்சு, வேணாங்கல. சரிவு மொட்டைத்தலை மாதிரி ஆயிடுச்சு, இப்ப பாருங்க எவ்வளவு வெளிச்சம். ஆனா அதுல ஒண்ணு, தாடி வச்சது, பெரிய அதிகாரி மாதிரியே மூஞ்சி, அது வேலியைத் தாண்டி வந்து என் கொடியில இருந்த துண்டைத் தின்னுடுச்சும்மா! அப்பத்தான் வாங்கின வெள்ளைத் துண்டு. முன்னாடியெல்லாம் ஊதாக் கலர் வச்சிருந்தேன். வெள்ளைன்னா வர்றவங்களுக்கு ஒரு நம்பிக்கை, சுத்தமா இருக்கும்னு மொத்தமா மாத்தினேன். பாதித் துண்டு அது வாயில, பாதி என் கையில. நான் இழுக்க, அது இழுக்க… ‘புகார் குடுங்க’ங்கறார் மேய்க்கிற ஆளு. யார் மேல? ஆட்டு மேலயா?

அன்னைக்கு முடிவு பண்ணேன். பின்கட்டே வேணாம்டா சாமி. முன்னாடி கேட் இருக்கில்ல, நீளமா, ரோட்டுப் பக்கம், நல்லா வெயில் விழும். அதும்மேல வரிசையாத் துண்டைப் போட்டு, காத்துல பறக்காம நுனியை ஒரு முடிச்சுப் போட்டுக் கட்டிடறேன். இப்ப ஆடும் வராது, அதிகாரியும் கேக்க முடியாது. காலைல கட்டினா சாயங்காலம் வரைக்கும் வெள்ளை வெளேர்னு… அதோ, கண்ணாடியிலயே தெரியுது பாருங்க. தெருவே பளிச்சுனு இருக்கு.

என்ன, அதையே பாக்கறீங்க? உங்க முகத்தைப் பாருங்கம்மா, வலது பக்கம் வெட்டினது எப்படி விழுது பாருங்க. பத்து வயசு குறைஞ்சு போச்சு!

ஆனா ஒண்ணு சொல்லணும், நான் ஆரம்பிச்சா தெருவே காப்பியடிக்கும். முதல் ஒத்திகை நடந்த அன்னைக்குப் பாக்கறேன், மாடி வீட்டக்கா கேட்டுல ஒரு வெள்ளைத் துணி! பக்கத்து வீட்டு வாத்தியார் கேட்டுல ஒண்ணு! பேக்கரிக்காரர் கடை ஷட்டர்ல கூட ஒண்ணு, மாவுத் துணி! ஒத்திகைக்குக் கிளம்பற அவசரத்துலயா துணி காயப்போடுவாங்க? என் கேட்டைப் பாத்து ‘அட, இப்படியும் பண்ணலாமே’ன்னு தோணியிருக்கும். அதுவும் ஆளுக்கு ஒரு துணிதான். எனக்கு இருக்கற துண்டுக்கு அவங்க போட்டி போட முடியுமா?

இருங்க, அசையாதீங்க, முக்கியமான இடத்துக்கு வரேன். எங்க அத்தைக்கு ரெண்டு முழங்காலும் போச்சு. வாசல் நாற்காலியிலேர்ந்து கட்டிலுக்குப் போகவே என் தோள் வேணும். இங்கேர்ந்து ரோட்டுக்கு எத்தனை படின்னு பாத்தீங்கல்ல? எங்க வீட்டுக்காரர் லாரி ஓட்டறவர், மாசத்துல பாதி நாள் ரோட்டுலதான். வீட்டுல நாங்க ரெண்டே பேரு. அதனால பேர் குடுத்தேன். நடக்க முடியாதவங்க வீட்டுக்கு வண்டியே வருமாம், ரெண்டு ஆளு வந்து நாற்காலியோட தூக்கிட்டுப் போவாங்களாம். நல்ல ஏற்பாடு, வாய் நிறைய வாழ்த்தினேன். அடையாளத்துக்கு ஒரு ஸ்டிக்கர் ஒட்டிட்டுப் போனாங்க கேட்டுல. பெரிசா, சிவப்பு வட்டம். ‘இந்த வட்டத்தைப் பாத்தா வண்டி நிக்கும்’னாங்க. அதை எவ்வளவு பத்திரமா வச்சிருக்கேன் தெரியுமா? வெயில் பட்டா வெளுத்துடுமேன்னு அதும்மேல மட்டும் ரெட்டைத் துண்டு போடறேன். இன்னைக்கும் புதுசா இருக்கு!

சரி. முதல் ஒத்திகை வந்துச்சு. எங்க அத்தைக்கு இருந்த குஷியைப் பாக்கணுமே! வீட்டை விட்டு வெளிய போயி எத்தனை நாளாச்சு. முந்தின நாளே ‘தலைக்குக் கலர் போட்டு விடுடி, போட்டோ எடுப்பாங்க’ன்னாங்க. போட்டேன். நல்ல டிரஸ், பவுடர். அவசரப் பையை அவங்களே கட்டினாங்க. திறந்து பாத்தேன்: மாத்திரை, கண்ணாடி, மாமா போட்டோ… அதுக்கடியில டிவி ரிமோட்டு! ‘அத்தை, வீடே எரியும்போது ரிமோட்டு எதுக்கு?’ன்னேன். ‘நான் இல்லாதப்ப நீ மட்டும் பாக்கவா?’ங்கறாங்க!

சைரன் அடிச்சுது. வாசல்ல ராணி மாதிரி உக்காந்திருக்காங்க. நான் உள்ள ஒருத்தருக்கு டிரையர் போட்டுட்டிருந்தேன். வண்டிச் சத்தம் கேட்டுச்சு, வந்துச்சு, வந்துச்சு… போயிடுச்சு. நிக்கவே இல்ல! எங்க வீட்டைத் தாண்டி, வாத்தியார் வீட்டுலயும் நிக்காம, வளைவுல அந்தப் பக்கம் இருக்கற பெரியவர் வீட்டுல நின்னு அவரைத் தூக்கிட்டுப் போறாங்க. எங்க அத்தை கையில கைக்குட்டையோட, ஆட்டறதுக்குத் தயாரா, அப்படியே… ‘மறந்திருப்பாங்க அத்தை’ன்னேன். ‘என்னையா? இந்த உடம்பையா?’ன்னு சிரிச்சாங்க. ஆனா சாயங்காலம் வரைக்கும் அந்த நல்ல டிரஸை மாத்தல.

போகட்டும், ஒத்திகைதானே. ஆனா போன மாசம் நிஜமாவே புகை வந்துச்சும்மா. சரிவுக்கு மேல, காத்து இந்தப் பக்கம். போர்டுல முள்ளு சிவப்பைத் தாண்டி நிக்குது. சைரன்! போன்ல மெசேஜ்! வானம் செங்கல் கலரு. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. தெருவே கிளம்புது. அந்த நேரத்துல கூட, நீங்க நம்ப மாட்டீங்க, ஒவ்வொருத்தரும் கேட்டுல ஒரு வெள்ளைத் துணியைக் கட்டிட்டுப் போறாங்க! உசிரு போற நேரத்துல துணி காயப்போடறாங்களேன்னு நானே நினைச்சேன். வண்டி வந்துச்சு. நான் படியிறங்கி ஓடறேன், ‘நில்லுங்க! நில்லுங்க!’ன்னு கத்தறேன். கேட்டைப் பாத்தாங்க, வேகத்தைக் குறைச்ச மாதிரி கூட இருந்துச்சு, அப்பறம் விர்ருனு போயிட்டாங்க. என் சத்தம் கேக்கலையாம்! என் சத்தம்! சைரன் சத்தத்துல இந்தச் சைரன் சத்தம் அமுங்கிப் போச்சு.

மேல ஓடி வந்தா, எங்க அத்தை என்ன சொன்னாங்க தெரியுமா? ‘நீ போடி. நான் நாற்காலியிலயே இருக்கேன், எனக்கு ஒண்ணும் ஆகாது’ன்னாங்க. கையில அந்தப் பை. ரிமோட்டைக் கூட எடுத்து என்கிட்ட குடுத்தாங்கம்மா. ‘நீயே பாத்துக்கோ’ன்னு.

…இருங்க. கண்ணுல முடி விழுந்துடுச்சு. எனக்குத்தான்.

போவேனா நான்? பக்கத்துலயே உக்காந்துட்டேன். அப்ப வந்தார் பேக்கரிக்காரர். ஆள் கணக்கு எடுக்கும்போது எங்க ரெண்டு பேரைக் காணோம்னு திரும்பி வந்திருக்கார். அவரும் அவர் கடை அடுப்படி ஆளும் சேந்து நாற்காலியோட தூக்கி, வேற வண்டி ஏது, ரொட்டி வண்டியில ஏத்தினாங்க. ரெண்டு பக்கமும் தட்டு தட்டா பன்னு, நடுவுல எங்க அத்தை. பள்ளிக்கூட ஹால்ல போய்க் கதவைத் திறந்தா தலையிலேர்ந்து கால் வரைக்கும் மாவு! அங்க இருந்த ஒரு குழந்தை ‘அம்மா, பெரிய பன்னு’ங்குது. ஹாலே சிரிச்சுது. அத்தையும் சிரிச்சாங்க. ஆனா எனக்குத் தெரியும்ல, அது எந்தச் சிரிப்புன்னு.

தீ வீட்டுப் பக்கம் வரல. ஆட்டுக்குத்தான் நன்றி சொல்லணும், சரிவுல எரியறதுக்கு ஒண்ணுமே இல்லியே, வந்த தீ ஏமாந்து போயிடுச்சு. ஒத்துக்கறேன், ஆடு வேலை செஞ்சிருக்கு. அப்பறம் அரசாங்கத்துல மறுவாழ்வு முகாம்னு ஒண்ணு போட்டாங்க. கூரை சேதத்துக்கு உதவி, புதுசா நட மரக்கன்னு, அதோட மனசு பயந்தவங்களுக்கு ஆறுதல் சொல்ல ஒரு பொண்ணு. சின்னப் பொண்ணு, நல்ல பொண்ணு. ‘மனசுல இருக்கறதைப் பேசுங்கம்மா’ன்னுச்சு. என்கிட்டயா இப்படிச் சொல்றது? பேசினேன். மதியம் ஆரம்பிச்சேன். விளக்குப் போடற நேரத்துல அந்தப் பொண்ணு கண்ணைக் கசக்கிட்டு உக்காந்திருக்கு, நான் அதுக்குத் தண்ணி குடுத்து முதுகைத் தட்டிக் குடுத்தேன்!

பேக்கரிக்காரர் அதுக்கப்பறம் நடையா நடந்தார். ‘உங்க கேட்டுல இருக்கற துண்டு…’ன்னு ஆரம்பிப்பார். விடுவேனா? ‘என் கேட்டு, என் துண்டு, ரோட்டுல தண்ணி சொட்டினா உங்க ரொட்டியா நனையுது?’ன்னு கேட்டேன். ரெண்டு நாள் கழிச்சு மறுபடியும் வந்தார், ‘அது இல்லம்மா, துண்டு…’ன்னு. ஆட்டுக் கதையை முதல்லேர்ந்து சொன்னேன். பாதியிலயே விசிலை வாயில வச்சுக்கிட்டுப் போயிட்டார். கடைசியா வந்தப்ப வாயே திறக்கல, கும்பிட்டுட்டுப் போயிட்டார். இப்படி ஒரு பொறுப்பாளர்!

இப்ப என் கவலை என்னன்னா… எங்க அத்தை முடிவு பண்ணிட்டாங்க. ‘இன்னைக்கு ஒத்திகையிலயும் வண்டி வரலைன்னா நான் சின்னவன் வீட்டுக்குப் போறேன்’னுட்டாங்க. கொழுந்தன் டவுன்ல இருக்கார், பத்தாவது மாடி, லிஃப்ட்டு, மரமே கிடையாது, சுத்திச் சிமெண்டு. சாயங்காலம் கார் எடுத்துட்டு வந்துடறேன்னு சொல்லிட்டார். பெட்டி கட்டியாச்சு. நான்தான் கட்டினேன். ‘எனக்காக நீ நெருப்புல உக்காந்துட்டியேடி, இன்னொரு தடவை அது வேணாம்’ங்கறாங்க. வண்டி வரலைன்னு கோவம் இல்லம்மா அவங்களுக்கு. தன்னால நான் மாட்டிக்கக் கூடாதாம்.

நாங்க ரெண்டு பேரும் நாள் பூரா சண்டைதான் போடுவோம். நான் பேசறேன்னு அவங்களுக்குக் கடுப்பு, அவங்க என்னைக் கிண்டல் பண்றாங்கன்னு எனக்குக் கடுப்பு. ஆனா கத்திரியை வச்சுட்டு வாசலுக்குப் போனா அந்த நாற்காலியில அவங்க இருக்கணும். இல்லைன்னா நான் யார்கிட்டம்மா பேசுவேன்? அவங்க போனா எனக்கு வீடு வீடா இருக்காது. வெக்கமில்லாமச் சொல்றேன், எனக்கு அவங்க வேணும்.

அந்த வண்டி ஓட்டற மகராசன் மட்டும் என் கையில ஒரு நாள் கிடைக்கட்டும்! அன்னைக்குப் புகையில ஆள் முகமே தெரியல. இதே நாற்காலியில உக்கார வச்சு, இதே கத்திரியால ஒரு பக்கம் மட்டும் ஒட்ட வெட்டி, ஒரு பக்கம் அப்படியே விட்டு, ‘போடா, இப்படியே ஊரைச் சுத்து’ன்னு அனுப்புவேன். ஒரு வீட்டு மனுஷியை விட்டுட்டுப் போறோமேன்னு… என்னம்மா, ஏன் இப்படி நெளியறீங்க? முடி உள்ள போய்க் குத்துதா? வேர்க்குது பாருங்க உங்களுக்கு. ஃபேனைக் கூட்டவா? ஏதோ சொல்ல வரீங்க, சரி, சொல்லுங்க, ஆனா இந்த இடது பக்கம் ஆரம்பிச்சுட்டு…

ஊஊஊன்னு… அடிச்சிடுச்சு! பாருங்க, நாலு மணி! அத்தை, சைரன் அத்தை!

ஏம்மா! ஏம்மா, எங்க ஓடறீங்க! இடது பக்கம் வெட்டவே இல்ல! ஒரு பக்கம் தோளுக்கு மேல, ஒரு பக்கம் இடுப்பு வரைக்கும்… ஐயோ, கழுத்துத் துணியோட ஓடறாங்களே! பாத்து, படி! அத்தை, இவங்களைப் புடிங்க! எப்படிப் புடிப்பீங்க, சரி, நானே ஓடறேன். கேட்டுக்கிட்ட நில்லுங்கம்மா! என்ன பண்றீங்க? ஐயோ என் துண்டு! ஏன் முடிச்சை அவுக்கறீங்க? எல்லாத்தையும் உருவறாங்களே! பட்டப்பகல்ல! பேக்கரிக்காரரே, விசில் அடிங்க, துண்டு போகுது!

…என்னது?

மூச்சு வாங்கிட்டுச் சொல்லுங்க. வெள்ளைத் துணி… கேட்டுல வெள்ளைத் துணி கட்டியிருந்தா… வீடு காலின்னு அர்த்தமா? எல்லாரும் கிளம்பிட்டாங்க, உள்ள ஆள் இல்ல, வண்டி நிக்க வேணாம், அடுத்த வீட்டுக்குப் போங்கன்னா? யாரு சொன்னா? கூட்டத்துலயா? எந்தக் கூட்டத்துல?

…நான் போன கூட்டத்துலயா?

அப்ப மாடி வீட்டக்காவும் வாத்தியாரும் கட்டினது… என்னைப் பாத்து இல்லையா?

ஐயய்யோ. அந்த நீல முடி! அந்த நேரத்துலதான் அந்த அதிகாரி சொல்லியிருக்கார்! பேக்கரிக்காரர் நடையா நடந்தது இதுக்குத்தானா… அடக் கடவுளே. தினமும் காலைல எழுந்து, ‘எங்க வீட்டுல யாருமில்ல, யாருமில்ல’ன்னு இத்தனை துண்டுல எழுதி மாட்டியிருக்கேனே! அதோ, வட்டம். ரெட்டைத் துண்டுக்குக் கீழ. ஒட்டின மாதிரியே இருக்கு, ஒரு கீறல் இல்ல…

நீங்க எப்படி இதெல்லாம்… அந்தப் பேண்ட்டு… இடுப்புல சாவி… அந்த மகராசன் நீங்கதானா? ‘வீட்டுல யாராவது இருக்கீங்களா’ன்னு கேக்கத்தான் வந்தீங்களா? முடி வெட்டிக்க வரவே இல்லையா? அதை முதல்லயே சொல்றதுக்கென்ன! …ஆமா. விடலதான். எங்க விட்டேன்.

வளைவுக்கு அந்தப் பக்கமா நிறுத்தியிருக்கீங்க? ஓடுங்க, ஓடுங்க, வண்டியை எடுங்க! நான் இங்கயே நிக்கறேன்! ஒரு துண்டு கூட இல்லாம மொட்டையா நிக்கறேன்!

அத்தை! அத்தை, நல்ல டிரஸ் எங்க? மாத்துங்க… வேணாம், நேரமில்ல, அப்படியே அழகாத்தான் இருக்கீங்க. பவுடரா? இந்தாங்க. பை எங்க? அதான், அவசரப் பை, பெட்டி இல்ல! அது இருக்கட்டும், பெட்டியைத் தொடாதீங்க! வண்டி திரும்பிடுச்சு அத்தை, வளைவுல தெரியுது… வருது… வாத்தியார் வீட்டைத் தாண்டிடுச்சு…

நின்னுடுச்சு.

நின்னுடுச்சு அத்தை! நம்ம கேட்டுல!

வாங்கய்யா, வாங்க, ரெண்டு பேரும் மேல வாங்க. மெதுவா, அந்தப் படி கொஞ்சம் உடைஞ்சிருக்கு. நாற்காலிக் கையைப் புடிச்சுத் தூக்குங்க. கைக்குட்டையை ஆட்டுங்க அத்தை, நல்லா ஆட்டுங்க, மாடி வீட்டக்கா பாக்கறாங்க! என்ன? நான் ஏன் அழறேனா? நான் எங்க அழறேன், சிரிக்கறேன்! அங்க பாருங்க, ஸ்டியரிங்குக்குப் பின்னாடி அந்தத் தலையைப் பாருங்க, பாதி முடி! நான் சாபம் விட்ட மாதிரியே வெட்டியிருக்கேன், அத்தை! மன்னிச்சுக்கோங்கம்மா, ஹால்ல உக்கார வச்சு மீதியை முடிச்சிடறேன், கத்திரி கையிலதான் இருக்கு. ஒரு வார்த்தை பேசாம வெட்டறேன். சரி, ரெண்டு வார்த்தை.

ஏறியாச்சா? இருங்க, ஒரு நிமிஷம், கதவைச் சாத்தாதீங்க. உங்க கழுத்துல இருக்கற துணியை அவுத்துக் குடுங்கம்மா. ஆமா, அதான், வெள்ளைதானே. கட்டணும்ல. இப்பத்தானே கட்டணும்! வட்டத்தை மறைக்காம இந்த ஓரத்துல… ஆங். ஒண்ணு போதும்.

என்ன அத்தை? கொழுந்தனா? ஆமால்ல, சாயங்காலம் காரோட வந்துடுவாரே. போன் பண்ணட்டுமா? வேணாமா? பின்ன, வந்து நிப்பாரே…

கேட்டீங்களாம்மா, எங்க அத்தை சொல்றதை? ‘அவனும் அந்தத் துணியைப் பாத்துட்டுத் திரும்பிப் போகட்டும்’ங்கறாங்க!

வண்டியை எடுங்க. எங்க வீட்டுல இப்ப யாருமே இல்ல.